விக்கா பயில: சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் ஒரு வட்டம்

விட்ச்கிராஃப்ட் என்பதைத் தமிழில் 'சூனியம்' என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். நம் வீடுகளில் சூனியம் என்றால் பில்லி, ஏவல், எதிரி வாசலில் வைத்த எலுமிச்சம்பழம். விட்ச்கிராஃப்ட்டைச் சமயமாகப் பயிலும் விக்கா அதுவல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவான சமயம் அது. இயற்கையைப் புனிதமாகக் கொள்கிறது. ஒரு தேவியையும் ஒரு தேவனையும் வணங்குகிறது. நிலவையும் சூரியனையும் பின்பற்றி ஆண்டு முழுவதும் சடங்கு செய்கிறது. சாத்தான் கிறிஸ்துவத்தில் வருபவன். விக்காவில் அவனுக்கு இடமே இல்லை. வீட்டில் அம்மா கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

இந்தச் சமயத்துக்கும் நம் வட்டாரத்துக்கும் ஓர் உறவு உண்டு. இதை உலகுக்கு அறிவித்த ஜெரால்ட் கார்ட்னர் (1884–1964) இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, போர்னியோ வழியாக மலாயாவுக்கு வந்தவர். ஜோகூரில் சுங்க அதிகாரியாக இருந்து 1936-ல் ஓய்வு பெற்றார். மலாய் ஆயுதங்கள், குறிப்பாகக் கெரிஸ் என்னும் குத்துவாள் பற்றி அவர் எழுதிய நூல் அதே ஆண்டு சிங்கப்பூரில் அச்சேறியது. ஊர் திரும்பியபின், 1939-ல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு குழுவில் தாம் தீட்சை பெற்றதாகச் சொன்னார். இங்கிலாந்தில் 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-ல் ரத்தானது. மூன்று ஆண்டு கழித்து, 1954-ல், இச்சமயத்தைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. 1953-ல் அவரிடம் தீட்சை பெற்ற டோரீன் வேலியன்ட்தான் சடங்கு வாசகங்களைத் திருத்தி, இன்று ஓதப்படும் அழகுக்குக் கொண்டுவந்தவர்.

கிறிஸ்துவத்துக்கு முந்தைய சமயமொன்று ஐரோப்பாவில் மறைவாக உயிரோடு இருந்தது என்று மார்கரெட் மரே 1921-ல் எழுதினார். கார்ட்னர் அதை நம்பினார். வரலாற்றாய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. ரொனால்ட் ஹட்டன் 1999-ல் வெளியிட்ட ஆய்வு விக்காவின் வேர்களைத் தெளிவாகவே பிரித்துக் காட்டியது. இளம் சமயம் என்பதால் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் 'ஐயாயிரம் ஆண்டு இரகசியம்' என்று சொல்லி வகுப்பெடுப்பவரிடம் எதையும் கற்க வேண்டாம்.

நம்பிக்கைகள்

தேவிக்கு மூன்று தோற்றங்கள்: கன்னி, தாய், மூதாட்டி. வளர்பிறை, முழுநிலவு, தேய்பிறையோடு அவை இணைகின்றன. தேவன் கொம்புடையவன்; காட்டுக்கும் விலங்குக்கும் உரியவன்; ஆண்டுச் சக்கரத்தில் பிறந்து, வளர்ந்து, மறைந்து, மீண்டும் பிறப்பவன். இருவரும் உண்மையான தெய்வங்களா, இயற்கையின் உருவகமா என்பதில் விக்காவினர் ஒருமித்துப் பேசுவதில்லை. எந்தப் பதிலோடும் சடங்கு செய்யலாம்.

அறநெறி ஒரு வரிதான்: யாருக்கும் தீங்கில்லை என்றால், நீ விரும்பியதைச் செய். 'யாருக்கும்' என்பதில் நீங்களும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். செய்தது மும்மடங்காகத் திரும்பும் என்ற விதியையும் கேள்விப்படுவீர்கள். எல்லா மரபும் அதை ஏற்பதில்லை. முற்பகல் செய்யின் பிற்பகல் விளையும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது.

மந்திரச் செயல் என்பது வேண்டுதலோடு ஒரு கைச்செயலையும் சேர்ப்பது. மெழுகுவத்தி ஏற்றுவது, நூலில் முடிச்சிடுவது போன்றவை. ஒருவர் சம்மதிக்காமல் அவர் மனத்தை மாற்றச் செய்யாதீர்கள். மருத்துவரிடம் போக வேண்டியதற்கு மாற்றாகவும் செய்யாதீர்கள்.

இன்னொன்று. தேவி என்றதும் காளியை, கொற்றவையைச் சடங்கு நடக்கும் வட்டத்துக்குள் அழைக்கத் தமிழ் மனம் தாவும். முதல் ஆண்டில் வேண்டாம். காளிக்கென்று வழிபாட்டு முறை, படையல், விரதம், நாள் எல்லாம் இருக்கின்றன. வேறொரு சமயத்தின் சடங்கில் அவளை நுழைத்தால் இரண்டுமே அரைகுறையாகும். 'தேவி', 'தேவன்' என்ற பொதுப்பெயரே போதும்.

யாரிடம் கற்பது

கார்ட்னர் மரபிலும், அதிலிருந்து கிளைத்த அலெக்ஸ் சாண்டர்ஸ் மரபிலும் தீட்சை பெற்றவரே தீட்சை தர முடியும். மூன்று படிகள் உண்டு. முதற்படிக்கு முன் ஓர் ஆண்டும் ஒரு நாளும் காத்திருப்பது வழக்கம். தனியாகப் பயில்பவர்களுக்குக் கதவைத் திறந்தது 1988-ல் ஸ்காட் கன்னிங்ஹாம் எழுதிய கையேடு. அதன்பின் தனிப்பயிற்சி உலகெங்கும் இயல்பாகிவிட்டது. சிங்கப்பூரில் பெரும்பாலோருக்கு அதுவே நடைமுறை வழி. இங்குள்ள சமயங்களிடை அமைப்பில் இடம்பெற்ற பத்துச் சமயங்களில் விக்கா இல்லை. கோயில் போல் போய்ச் சேர ஒரு கட்டடத்தைத் தேடாதீர்கள்.

இணையத்தில் குழு எதையாவது கண்டால் முதல் சந்திப்பைக் காப்பிக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள், யாருடைய வீட்டிலும் வேண்டாம். பழைய மரபுகளில் தீட்சைக்குக் காசு வாங்கும் வழக்கமே இல்லை. ஆயிரக்கணக்கில் கேட்டால் விலகுங்கள். ஆடையின்றிச் சடங்கு செய்யும் மரபு உண்டு என்பது உண்மை. ஆனால் முதல் நாளே அதை வற்புறுத்துபவர், உடலுறவைத் தீட்சையின் நிபந்தனையாக்குபவர், 'வீட்டில் சொல்லாதே' என்பவர் யாரும் ஆசிரியர் அல்லர். பதினெட்டு வயது நிறையாதவரைப் பொறுப்புள்ள எந்தக் குழுவும் சேர்க்காது.

ஓர் ஆண்டும் ஒரு நாளும் என்ற கணக்கைத் தனியாகப் பயில்பவரும் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு தடித்த நோட்டை எடுத்துக் கையால் எழுதுங்கள். இதை 'நிழல் ஏடு' என்பார்கள். தேதி, நேரம், பிறை, வானிலை, செய்தது, சொன்ன சொற்கள், தவறிப்போனது. ஒரு மாதம் கழித்து அதே பக்கத்துக்கு வந்து, விளைவு இருந்ததா என்று ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாத ஏடு வெறும் நாட்குறிப்பு.

பொருள்கள்

மரபில் முதன்மையானது அத்தமே: கறுப்புக் கைப்பிடி, இருபுறமும் விளிம்புள்ள கத்தி. இதனால் எதையும் வெட்டுவதில்லை. திசை காட்டவும் வட்டம் வரையவும் மட்டுமே. கார்ட்னரின் கெரிஸ் ஈடுபாடே இதற்கு வித்து என்று கருதுவோர் உண்டு. சிங்கப்பூரில் இதில் கவனம் தேவை. தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். குத்துவாளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்குமுன் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முழம் நீளக் குச்சியைக் கோலாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் சுட்டுவிரலே போதும். குச்சியை மரத்தில் ஒடிக்காதீர்கள். பூங்காவில் அதற்கு அபராதம் உண்டு. மழைக்குப் பிறகு வீட்டடியில் விழுந்து கிடப்பதை எடுத்துக் காயவையுங்கள்.

மற்றவை நம் சமையலறையிலும் தேக்காக் கடைகளிலும் இருக்கின்றன. நீருக்கு ஒரு கிண்ணம், உப்புக்கு ஒரு சிறு தட்டு, ஒரு கோப்பை, தூபக்கால், தேவிக்கும் தேவனுக்கும் ஒவ்வொரு மெழுகுவத்தி. ஐந்துமுனை நட்சத்திரம் வரைந்த தட்டு மண்ணுக்கு அடையாளம்; தடித்த அட்டையில் நீங்களே வரைந்தால் கடையில் வாங்கியதைவிட மேல். பூசை அறையில் ஏற்கெனவே புழங்கும் பாத்திரத்தை எடுக்காதீர்கள். வீட்டார் மனம் நோகும், அந்த நோவோடு சடங்கு நடக்காது.

தூபத்துக்கு வெள்ளைச் சேஜ் இலை தேடி அலைய வேண்டாம், சாம்பிராணி இருக்கிறது. கிண்ணத்தில் இரண்டு சென்டிமீட்டர் மணல் பரப்பி அதன்மேல் கரிவில்லையை வைத்துப் பற்றவையுங்கள். பொறி ஓடி முடிந்து, மேலே சாம்பல் படரும்வரை ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். அதற்கு முன் பிசினைப் போட்டால் மணம் வராது, கரியின் நெடிதான் வரும். பிறகு பட்டாணி அளவு சாம்பிராணி. ஒரே தடவையில் அதற்குமேல் வேண்டாம். 2018 ஜூனுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கூரையில் இருக்கும்; ஒரு கரண்டிப் பிசின் அதை அலற வைக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கருவியைக் கழற்றாதீர்கள். இங்குள்ள ஈரக்காற்றில் கரிவில்லை நமத்துப் பற்றாமல் போகும். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள்.

வட்டம்

மரபுப்படி வட்டத்தின் விட்டம் ஒன்பது அடி. படுக்கையறையில் அது நடக்காது. ஒருவருக்கு ஒன்றரை மீட்டர் போதும். எழுபத்தைந்து சென்டிமீட்டர் கயிற்றின் ஒரு முனையை நடுவில் பிடித்துச் சுற்றிவந்தால் அளவு கிடைக்கும். ஐந்து மீட்டர் வெள்ளைப் பருத்திக் கயிற்றை அதன்மேல் இட்டுவிடலாம். உப்பால் கோடு போடாதீர்கள். மரத்தரை கெடும், இடுக்கில் போனது வராது. கட்டிலை நகர்த்த முடியாவிட்டால், உட்கார்ந்தபடி மனத்தால் வட்டமிடுவதும் செல்லும்.

திசையைக் கைப்பேசித் திசைகாட்டியில் மட்டும் பார்க்காதீர்கள். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி ஓடுவதால் அறைக்குள் அது பிசகும். வரைபடத்தில் உங்கள் புளோக்கைப் பார்த்து, சுவர் எந்தப் பக்கம் என்று ஒருமுறை குறித்துக்கொண்டால் போதும்.

மின்விசிறியை நிறுத்துங்கள், கைப்பேசியை வெளியே வையுங்கள், குளித்துவிட்டு வாருங்கள். முதலில் துடைப்பத்தால் இடத்தைப் பெருக்குங்கள். கிண்ணத்தில் நூறு மில்லிலிட்டர் நீர். அதன்மேல் கோலை நீட்டி, 'நீரே, தூய்மை ஆகு' என்று சொல்லுங்கள். உப்பிலும் அவ்வாறே. பிறகு மூன்று சிட்டிகை உப்பை நீரில் இட்டு, வலமாக மூன்று முறை கலக்குங்கள். கத்தி பயன்படுத்தினால் உடனே உலரத் துடைக்க வேண்டும். உப்புநீர் பட்ட எஃகு இங்கே ஓரிரவில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

இப்போது கிழக்கில் நின்று, கோலை நீட்டி, வலமாக ஒரு சுற்று. கோயிலில் சுற்றுவது போலவே, நடுவில் பொருள்களை வைத்துள்ள பீடம் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். மேலைநாட்டார் இதற்கென்று தனிச் சொல் கற்றுக்கொள்கிறார்கள். நமக்கு 'வலம் வருதல்' பிறந்தது முதல் காலில் இருக்கிறது. கோலின் நுனியிலிருந்து வெளிச்சம் வழிந்து கோடாவதை மனத்தில் காணுங்கள். மெதுவாக, ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடமாவது. இரண்டாம் சுற்று உப்புநீர் தெளித்து, மூன்றாம் சுற்று தூபத்தோடு. முதல் மாதங்களில் பலருக்கும் சடங்கு வெறுமையாகத் தோன்றக் காரணம் இந்த மூன்று சுற்றையும் அவசரமாக முடிப்பதே.

பிறகு நான்கு திசையை அழைப்பது. கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு மண். அக்னி தென்கிழக்கு, வாயு வடமேற்கு என்று வாஸ்து தெரிந்தவர்களுக்கு இது குழப்பும். வருணனின் மேற்கு ஒன்றுதான் பொருந்துகிறது. தெற்கை நெருப்பாக்கியது பிரிட்டனின் வானம் என்று விளக்குவோர் உண்டு, அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான். நம் தலைக்குமேல் சூரியன் ஆண்டில் பாதி வடக்கே நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் பலர் நெருப்பை வடக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். முதல் ஆண்டு மரபு வரிசையிலேயே செய்யுங்கள், ஏனென்றால் நீங்கள் படிக்கும் எல்லாக் கையேடும் அதையே சொல்லும். பிறகு மாற்றினால், காரணத்தை ஏட்டில் எழுதிவிட்டு மாற்றுங்கள்.

அழைப்பைத் தமிழிலேயே சொல்லுங்கள். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்துத் 'தாங்கள் எழுந்தருள வேண்டுகிறேன்' என்றால் அரசாங்கக் கடிதம் போல ஆகிவிடும். தமிழில் தெய்வத்தை 'நீ' என்றுதான் அழைப்போம். இப்படித் தொடங்கலாம்:

காற்றே, கிழக்கின் காவலே, மூச்சாக வந்து நில்.
நெருப்பே, தெற்கின் காவலே, உடற்சூடாக வந்து நில்.
நீரே, மேற்கின் காவலே, குருதியாக வந்து நில்.
மண்ணே, வடக்கின் காவலே, எலும்பாக வந்து நில்.

அடுத்துத் தேவியையும் தேவனையும் அழைத்து, இரண்டு மெழுகுவத்தியையும் ஏற்றுங்கள். இனி வந்த வேலை: தியானம், நன்றி சொல்வது, ஒரு மந்திரச் செயல். ஒரு சடங்குக்கு ஒரு நோக்கம். தேர்வு, வேலை, காதல் மூன்றையும் ஒரே இரவில் கேட்டால் மனம் எதிலும் நிற்காது.

இறுதியில் கோப்பையையும் பண்டத்தையும் வாழ்த்தி உண்ண வேண்டும். மது கட்டாயமில்லை, திராட்சைச் சாறு போதும். பிறை வடிவ ரொட்டி வேண்டுமானால் மாவு 90 கிராம், வெண்ணெய் 60, சர்க்கரை 30. பிசைந்து, வெட்டி, அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தபின் 160 டிகிரியில் பதினெட்டு நிமிடம் சுடுங்கள். குளிரவைக்காமல் சுட்டால் நம் சமையலறைச் சூட்டில் வெண்ணெய் இளகி, பிறையின் முனைகள் பரந்து வட்டமாகிவிடும். இந்தச் சாப்பாடு அலங்காரத்துக்கு அல்ல. மிதப்பாக இருக்கும் உடலைத் தரைக்குக் கொண்டுவருவது அதுதான். இதைத் தவிர்த்தவர்களே மறுநாள் தலைவலி, தூக்கமின்மை என்பார்கள்.

முடிப்பதும் முறையாக வேண்டும். தேவிக்கும் தேவனுக்கும் நன்றி. நான்கு திசைக்கும் விடைகொடுப்பது. வரைந்த வட்டத்தை இடமாகச் சுற்றித் திரும்ப எடுப்பது. விடைகொடுக்காமல் எழுந்து கைப்பேசியைப் பார்க்கப் போவது, வந்த விருந்தினரைக் கூடத்தில் விட்டுவிட்டுத் தூங்கப் போவது போன்றது.

கோப்பையிலிருந்து தேவிக்கென ஒதுக்கும் பங்கை வீட்டுத் தொட்டிச் செடிக்கு விடலாம். உப்புநீரை விடாதீர்கள், செடி வாடும். அது சாக்கடைக் குழாய்க்கே. படைத்த ரொட்டித் துண்டை இரவு முழுக்க வைத்தால் எறும்பு வரிசைகட்டும். கால் மணி நேரம் போதும். ஜன்னலுக்கு வெளியே எதையும் கொட்டக்கூடாது, கால்வாயில் மிதக்கவிடவும் கூடாது. கரிவில்லையைக் குப்பையில் போடுமுன் நீரில் அமிழ்த்திவிடுங்கள். அணைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஒரு மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். பொது நடைவழியில் தீயே வேண்டாம்.

முழுநிலவு

எஸ்பட் என்பது நிலவுச் சடங்கு. ஆண்டுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ. இதிலிருந்து தொடங்குவதே நம் ஊருக்குப் பொருத்தம், நிலவு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். வீட்டுத் தமிழ் நாள்காட்டியில் பௌர்ணமி போட்டிருக்கும், அதையே பாருங்கள். வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே எடுத்தால் ஒரு நாள் பிசகும். 2026 மே மாதத்தின் முதல் முழுநிலவு லண்டனில் 1-ஆம் தேதி மாலை. இங்கே 2-ஆம் தேதி அதிகாலை 1.23. அப்படி வந்தால் முந்தைய இரவே செய்யுங்கள். முழுநிலவு மாலை ஏழு மணியை ஒட்டி எழும். கிழக்கு ஜன்னல் இருந்தால் எட்டரைக்குள் தெரியும். மேகம் மறைத்தாலும் சடங்கு தடைபடாது.

ஆண்டுச் சக்கரம்

எட்டுத் திருநாள். சவென் அக்டோபர் 31, யூல் டிசம்பர் 21 அளவில், இம்போல்க் பிப்ரவரி 1, ஒஸ்தாரா மார்ச் 20, பெல்டேன் மே 1, லித்தா ஜூன் 21, லூனசா ஆகஸ்ட் 1, மேபன் செப்டம்பர் 22 அளவில். சவென் முன்னோரை நினைக்கும் இரவு. 2024-ல் அதுவும் தீபாவளியும் ஒரே நாளில் வந்தன. எண்ணெய் தேய்த்துக் குளித்த வீட்டிலேயே இரவில் முன்னோர் படத்தின்முன் ஒரு விளக்கு வைத்தால் இரண்டும் நிறைவேறும். லூனசா முதல் அறுவடை. டுரியான் பருவம் அதற்கு அழகாகப் பொருந்துகிறது. மலர்ச்சியைக் கொண்டாடும் பெல்டேனுக்குத் தெம்புசு மரம் இருக்கிறது. மே மாத அளவில் அது பூத்து, மாலையில் மணம் சாலைவரை வரும். ஐந்து வெள்ளி நோட்டில் இருப்பது பூமலை என்னும் தாவரவியல் பூங்காவிலுள்ள தெம்புசுதான். பூவைப் பறிக்காமல் அதன்கீழ் அமர்ந்துவிட்டு வந்தாலே அன்றைய சடங்கு நடந்துவிட்டது.

சிக்கல் யூல், ஒஸ்தாரா, லித்தா, மேபன் என்னும் சூரியத் திருநாள்களில். 'நீண்ட இரவு முடிந்து ஒளி திரும்புகிறது' என்று யூலுக்குப் படிப்பார்கள். லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, ஜூனில் பதினாறரை. இங்கே இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்பது நிமிடம்தான். உணராத இருட்டைப் பற்றி ஓதினால் சொல் பொய்யாகும். அதற்கு வேறு வழி இருக்கிறது: நிழல்.

ஒரு மீட்டர் குச்சியை வீட்டடித் திடலில் நிமிர்த்திப் பிடியுங்கள். நம் கடிகாரம் சூரியனைவிட முன்னே ஓடுவதால் உச்சிப்பொழுது பன்னிரண்டுக்கு வராது, ஒரு மணியை ஒட்டி வரும். ஜூன் 21 அன்று 1.06 மணிக்கு நிழல் தெற்கே சுமார் 40 சென்டிமீட்டர் நீளும். மார்ச் 20 அன்று 1.12-க்கும், செப்டம்பர் 23 அன்று 12.57-க்கும் நிழல் இரண்டு மூன்று சென்டிமீட்டராகக் குச்சியின் காலடியில் சுருண்டிருக்கும். டிசம்பர் 21 அன்று 1.03-க்கு அதே நிழல் வடக்கே 46 சென்டிமீட்டருக்குத் திரும்பியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலம் அது. அன்று வானம் திறக்காவிட்டால் முன்பின் நான்கு நாளில் எப்போது வெயில் வந்தாலும் அளக்கலாம், அந்த நாள்களில் நிழல் மாறுவதில்லை. சூரியன் நின்று திரும்பும் இடம் அதுதான். நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல்லை வைத்து, அளவை ஏட்டில் எழுதி, அந்தக் கல்லையே அன்றிரவு பீடத்தில் வடக்குப் பக்கம் வையுங்கள்.